பகலில் பாரதம், ராத்திரி கூத்து: நாவலிலிருந்து வந்த படத்தை எடை போடுவது எப்படி

போன மே மாதம், கத்திரி வெயில் வேலூரை வறுத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகள் ஒரு நீள நோட்டைத் தூக்கிக்கொண்டு சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் கொடுத்த வேலையாம். இளையோருக்கான டிஸ்டோபியா நாவல் ஒன்று, அதிலிருந்து எடுத்த படம் ஒன்று, இரண்டையும் வைத்துக்கொண்டு படத்தின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று எழுத வேண்டும். டிஸ்டோபியா என்ற சொல் புதிதாக இருப்பவர்களுக்கு: எதிர்காலத்தில் ஒரு நாடு, மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் அநியாயமே சட்டமாக இருக்கும், அதில் ஒரு சின்னப் பிள்ளை மாட்டிக்கொண்டு முழிக்கும். அவள் எடுத்திருந்தது 'த ஹங்கர் கேம்ஸ்'. வருஷா வருஷம் மாவட்டங்களிலிருந்து குலுக்கல் போட்டுப் பிள்ளைகளை எடுத்து, ஒரு களத்தில் ஒருவரை ஒருவர் கொல்ல விட்டு, அதை டிவியில் போட்டியாகக் காட்டும் ஒரு நாட்டின் கதை. சூசன் காலின்ஸ் எழுதிய நாவல் வந்தது 2008-இல், கேரி ராஸ் இயக்கிய படம் 2012-இல்.

நோட்டைத் திறந்தால் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் 'புத்தகம்', அந்தப் பக்கம் 'படம்'. முப்பத்தேழு வித்தியாசம் எழுதியிருந்தாள். "மாமா, புக்குல மேயர் பொண்ணு மேட்ஜ்தான் ஹீரோயின் காட்னிஸுக்கு அந்தச் சட்டையில குத்தற பறவை பின்னைத் தருவா. படத்துல மேட்ஜே இல்ல, சந்தையில ஒரு கிழவிகிட்ட இருந்து வாங்கறா. இது பலவீனம்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இதே தப்பைப் பல வருஷத்துக்கு முன்னால் நானும் செய்திருக்கிறேன். ஒரு சின்னப் பத்திரிகைக்கு இப்படித்தான் வித்தியாசங்களை வரிசையாக அடுக்கி அனுப்பினேன். அங்கே இருந்தவர் "இது விமர்சனமா, மளிகைச் சீட்டா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். ஆனால் அவர் சொன்னது சரிதான். நாவல் படமானால் மாறத்தான் செய்யும். முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தை இரண்டே கால் மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்றால் ஆள் குறையும், இடம் மாறும். மாறியதை எண்ணுவது கணக்குப்பிள்ளை வேலை. மாறியதால் என்ன ஆச்சு என்று பார்ப்பதில்தான் நம் வேலை தொடங்குகிறது.

அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கதை முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து நடக்கும். பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார், பந்தல் நிழலில் வயசானவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். அந்தக் கதையே இருட்டிய பிறகு மேளமும் முகவீணையுமாக வேஷம் கட்டி வரும். ஒரே கதைதான். ஆனால் யாரும் "பகலில் சொன்ன நாற்பதாவது பாட்டு ராத்திரி வரலையே" என்று சண்டைக்குப் போவதில்லை. அர்ச்சுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் செய்த தவம் எவ்வளவு கடுமையானது என்பதைப் பாட்டில் வர்ணனையாகவே அடுக்கிக்கொண்டு போவார்கள். கூத்துக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவர் என்ன செய்கிறார்? உயரமான பனைமரத்தை நட்டு வைத்திருப்பார்கள், அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார், உச்சியில் போய் நின்று பூவும் எலுமிச்சம்பழமும் விபூதியும் கீழே வீசுவார், குழந்தை வேண்டி வந்த பெண்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற நமக்கு, இந்த ஆள் கால் தவறினால் என்ன ஆகும் என்று வயிறு கலங்கும் பாருங்கள், பாட்டில் இருந்த கடுமை அங்கே வந்துவிட்டது. வர்ணனை செய்த வேலையை உயரம் செய்துவிட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நாவலில் இருக்கும் ஒவ்வொரு விஷயமும் ஏதோ ஒரு வேலை செய்கிறது. அந்த வேலையைப் படம் வேறு யாரிடம், எதனிடம் கொடுத்தது என்று தேடுங்கள். கொடுத்து நன்றாக நடந்தால் பலம். கொடுக்க மறந்தால் பலவீனம். நாவலால் செய்யவே முடியாத ஒரு வேலையைப் படம் தானாகச் செய்தால், அது பெரிய பலம்.

எப்படிப் பார்ப்பது

முதல் தடவை நோட்டை எடுக்காதீர்கள். சும்மா பாருங்கள். எங்கே போனைத் தொட்டீர்கள், எங்கே மூச்சைப் பிடித்தீர்கள் என்று மட்டும் பிறகு நினைவுபடுத்தி இரண்டு வரி எழுதி வையுங்கள், அந்த இரண்டு வரிதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். நாவலை அதற்கு முன்பே படித்தீர்களா பின்பா என்பது பெரிய விஷயம் இல்லை, ஆனால் எது முதலில் என்பதை நேர்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புத்தகத்தை முதலில் படித்தவன் படத்தில் இல்லாததையும் சேர்த்தே பார்க்கிறான். அவன் மண்டைக்குள் ஏற்கனவே விளக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நாவல் படிக்காத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது ரொம்ப நல்லது. எங்கள் வீட்டில் அந்த ஆள் என் அம்மா. சப்டைட்டில் ஓடும் வேகத்துக்குப் படிக்க முடியாது, அதனால் "இப்ப அது எதுக்கு அழுவுது?" என்று கேட்பார்கள். அம்மா அப்படிக் கேட்ட இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டேன். கேட்காமலே புரிந்துகொண்ட இடங்களையும்.

இரண்டாவது தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நாலைந்து காட்சி போதும், முழுப் படமும் வேண்டாம். அதில் ஒரு காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், பிறகு அதே காட்சியைத் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். படம் எதை வைத்து வேலை வாங்குகிறது என்று அப்போது பிடிபடும். டப்பிங்கில் பார்த்தால் நடிகர்களின் குரலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதீர்கள், அது வேறு யாரோ ஒருவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசியது.

யார் கதை சொல்கிறார்கள்

இந்த வகைப் படங்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், பெரும்பாலும் இங்கேதான் படம் எழுகிறது அல்லது விழுகிறது. 'த ஹங்கர் கேம்ஸ்' நாவல் முழுக்க பதினாறு வயது காட்னிஸ் 'நான், நான்' என்று நிகழ்காலத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறாள். முதல் வரியிலேயே தூங்கி எழுகிறாள், கை பக்கத்தில் துழாவுகிறது, தங்கை படுத்திருந்த இடம் சில்லென்று இருக்கிறது. தங்கை மேல் இவளுக்கு உயிர் என்பது அந்தத் துழாவும் கையிலேயே தெரிந்துவிடும்.

படம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? ஒரு டிவி பேட்டியில். நீலத் தலைமுடியோடு சீசர் ஃபிளிக்கர்மேன் என்ற தொகுப்பாளர், போட்டியை நடத்தும் செனகா கிரேன் என்ற அதிகாரியிடம் ஏதோ பாட்டுப் போட்டி மாதிரிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். அங்கிருந்து சட்டென்று வெட்டி, ஒரு சின்னப் பெண்ணின் அலறலுக்குத் தாவுகிறது. என் அக்கா மகள் இதை 'புத்தகத்தின் தொடக்கம் இல்லை' என்று பலவீனப் பக்கத்தில் எழுதியிருந்தாள். நான் அடித்துவிட்டுப் பலம் பக்கத்தில் எழுதச் சொன்னேன். நாவல் ஒரு பிள்ளையின் பயத்துக்குள்ளிருந்து தொடங்கி மெதுவாக அரசாங்கத்தை நோக்கிப் போகிறது, படமோ அந்தப் பயம் யாருக்குப் பொழுதுபோக்கு என்பதிலிருந்து தொடங்குகிறது. இரண்டும் சரியான வாசல்தான்.

இன்னொன்று. காட்னிஸ் மனதுக்குள் விளக்கிக்கொண்டே இருப்பதால் நாவலில் நமக்கு எதுவும் புரியாமல் போவதில்லை. காட்டில் மரத்தின் மேல் குளவிக் கூடு இருக்கிறது, அது சாதாரணக் குளவி இல்லை, ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாக்கியது, கொட்டினால் புத்தி கலங்கும், சமயத்தில் ஆளே போய்விடும். நாவலில் இதை அவளே சொல்லிவிடுகிறாள். படத்தில் மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும் பெண் நம்மைப் பார்த்துப் பாடம் எடுக்க முடியுமா? வாய்ஸ் ஓவர் வைத்திருந்தால் சப்பென்று போயிருக்கும். அதற்குப் பதிலாக அதே சீசரைப் பிடித்து, டிவி நேயர்களுக்கு விளக்குகிற சாக்கில் நமக்கு விளக்க வைத்துவிட்டார்கள். கூத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான். கட்டியக்காரன் என்ன செய்கிறான்? ராஜா வருவதற்கு முன் வந்து, யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று கேலியும் கிண்டலுமாகச் சொல்லிவிட்டுப் போகிறான். இந்தப் படத்தின் கட்டியக்காரன் சீசர். ஆனால் நம் கட்டியக்காரன் ராஜாவையே கேலி செய்வான், இவனோ ராஜாவுக்குச் சம்பளக்காரன். அதனால் அவன் சிரிக்கச் சிரிக்க நமக்கு வயிற்றைப் பிசைகிறது. தகவல் சொல்கிற ஒரு சாதாரண வேலையோடு அந்த உலகத்தின் குரூரத்தைக் காட்டும் வேலையும் ஒரே ஆள் தலையில் வந்துவிட்டது. இப்படி இரட்டை வேலை நடக்கிற இடம் கிடைத்தால் விடாதீர்கள், அதற்கு ஒரு பத்தி முழுவதும் கொடுங்கள்.

நாவலால் முடியாததும் இங்கே இருக்கிறது. 'நான்' என்று சொல்கிற கதையில், அவள் இல்லாத இடத்துக்குப் போக முடியாது. படம் போகிறது. வெள்ளை வெளேரென்று ஒரு கட்டுப்பாட்டு அறை, சீருடை போட்ட ஆட்கள் மேஜையைத் தொட்டால் காட்டில் தீப்பிடிக்கிறது, ஒரு பெண் ஊழியர் விரலைச் சுழற்றினால் அங்கே ஒரு மிருகம் பிறக்கிறது. யாருக்கும் வேர்க்கவில்லை, யாரும் கத்தவில்லை, மாசக் கடைசியில் கணக்கு முடிக்கிற அலுவலகம் மாதிரி இருக்கிறது. கொடுமைக்குப் பின்னால் இருப்பவன் கொம்பு வைத்த அரக்கன் இல்லை, எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் என்பது இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. அதே மாதிரி செனகா கிரேனின் முடிவு. நாவல் வரிசையில் அவன் கொல்லப்பட்ட செய்தி இரண்டாம் புத்தகத்தில்தான் நமக்குக் காதில் விழுகிறது. படத்தில் அவனை ஒரு அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள், நடுவில் ஒரு கிண்ணத்தில், போட்டி முடிவில் காட்னிஸ் தின்னப்போவதாக மிரட்டிய அதே விஷப்பழங்கள். ஒரு வசனமும் கிடையாது. அம்மா இந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை, "நல்லா வேணும்" என்று மட்டும் சொன்னார்கள்.

பசி எங்கே?

இப்போது பலவீனத்துக்கு வரலாம். தலைப்பிலேயே பசி இருக்கிற கதை இது. அந்த நாட்டின் பெயர் பானெம், லத்தீனில் ரொட்டி. 'ரொட்டியும் வேடிக்கையும் கொடுத்தால் ஜனம் வாயைத் திறக்காது' என்ற பழைய ரோமானியப் பேச்சிலிருந்து வந்தது.

நாவலில் ஒரு கணக்கு வரும். பன்னிரண்டு வயசானால் பிள்ளையின் பெயர் ஒரு சீட்டில் எழுதிக் குலுக்கல் பாத்திரத்தில் விழும், வருஷத்துக்கு ஒன்று கூடும். வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால், இன்னொரு சீட்டுப் போட்டுக்கொண்டு ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வாங்கலாம். காட்னிஸ் தனக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு என்று வருஷம் மூன்று வாங்குகிறாள். தன் சீட்டு ஒன்று, வாங்கியது மூன்று, ஆக நான்கு. பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை ஐந்து வருஷம். அவள் பெயர் இருபது தடவை உள்ளே கிடக்கிறது. அவள் நண்பன் கேல் பெரிய குடும்பத்துக்காரன், அவனுக்கு நாற்பத்திரண்டு. ரேஷன் கடை வரிசையில் நின்று, கார்டில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று கணக்குப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று உறைக்கும். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே சட்டம்தான், ஒரே பாத்திரம்தான், ஆனால் பதினெட்டு வயசில் சீட்டு மட்டும் ஏழுக்கு நாற்பத்திரண்டு. அநியாயம் சட்டமாக இருக்கிறது என்றேனே, அதன் எலும்புக்கூடு இந்தக் கணக்குதான்.

படத்தில் இது இரண்டொரு வசனத்தில் ஓடிவிடுகிறது. கேல் நாற்பத்திரண்டு என்கிறான், காட்னிஸ் தங்கையிடம் கூடுதல் சாப்பாடு வாங்காதே என்கிறாள், அவ்வளவுதான். நாவல் படித்தவன் தலையாட்டுவான். அம்மா "அது என்னா நாப்பத்திரண்டு?" என்று கேட்டார்கள். இங்கே வேலை நடக்கவில்லை, வேறு யாரிடமும் ஒப்படைக்கவும் இல்லை. இது உண்மையான பலவீனம்.

உடம்புகளையும் பாருங்கள். படம் எடுத்தபோது ஜெனிஃபர் லாரன்ஸுக்கு 20, 21 வயது. நடிப்பைக் குறை சொல்லவே முடியாது. போட்டிக் களத்துக்குத் தூக்கிவிடும் கண்ணாடிக் குழாய்க்குள் போவதற்கு முன் அந்தப் பெண் நடுங்குகிற நடுக்கம், நாவலில் பல பக்கத்து மன ஓட்டத்தை ஒரு முகம் தூக்கிக்கொண்டு போவது அதுதான். ஆனால் வருஷக்கணக்கில் அரைவயிறு சாப்பிட்ட பதினாறு வயசுப் பிள்ளையாக அவர் தெரிகிறாரா? இல்லை. சுற்றி இருக்கும் பிள்ளைகளும் அப்படித்தான், நல்ல பள்ளிக்கூடத்து விளையாட்டு அணி மாதிரி இருக்கிறார்கள். இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் இந்த வியாதி உண்டு. லோயிஸ் லோரியின் 'த கிவர்' (1993) நாவலில் நாயகன் ஜோனஸுக்குப் பன்னிரண்டு வயசு, 2014-இல் வந்த படத்தில் பதினாறு. வயசு ஏறினால் காதல் வைக்க வசதி, போஸ்டருக்கு வசதி. பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் தோளில் ஒரு ஊரின் பாரம் மொத்தமும் ஏறும்போது வருகிற திகில் மட்டும் காணாமல் போய்விடும்.

'த கிவர்' பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாப் பலவீனமும் இயக்குநர் தப்பு இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு வண்ணமே தெரியாது. நாவலில் அது நமக்கும் தெரியாது. ஒரு ஆப்பிளைத் தூக்கிப் போட்டு விளையாடும்போது ஏதோ மாறியது என்று பையன் குழம்புகிறான், நாமும் சேர்ந்து குழம்புகிறோம், அது சிவப்பு என்று பல பக்கம் கழித்துத் தெரியும்போது மயிர்க்கூச்செறியும். சினிமாவில் இந்த ரகசியத்தை எப்படி மறைப்பது? முதல் காட்சியே கறுப்பு வெள்ளையாக வைத்தாக வேண்டும், வைத்த உடனே குட்டு உடைந்துவிட்டது. இது ஊடகத்தின் எல்லை. இதைப் பலவீனம் என்று எழுதலாம், ஆனால் 'இயக்குநர் சொதப்பிவிட்டார்' என்று எழுதக்கூடாது.

வேடிக்கை பார்ப்பவன்

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொல்வதை டிவியில் வேடிக்கை பார்க்கிற சமூகம் அருவருப்பானது என்று சொல்கிற கதையை, பாப்கார்ன் வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொல்வதை வேடிக்கை பார்க்கிற நம்மிடம் சொல்லியாக வேண்டும். இதுதான் இந்தப் படத்தின் உண்மையான சோதனை. நாவலில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை, எழுத்தில் ரத்தம் தெரிவதில்லை.

போட்டி தொடங்கும் முதல் நிமிஷங்களைச் சத்தம் வைத்துப் பாருங்கள். சத்தம் ஏறக்குறைய இறங்கிப் போயிருக்கும். இருபத்திநாலு பிள்ளைகள், பாதிப் பேர் அங்கேயே சாகிறார்கள், கேமரா கையில் பிடித்தது மாதிரி ஆடுகிறது, யார் யாரைக் குத்தினார்கள் என்று பிடிபடுவதற்குள் வெட்டிவிடுகிறார்கள். இதைப் பற்றிப் பெரிய தகராறே உண்டு. சிலருக்குத் தலைசுற்றல், சிலருக்கு இது கோழைத்தனம். பதின்மூன்று வயசுப் பிள்ளைகளும் பார்க்கிற சான்றிதழ் வேண்டும் என்பதற்காக மறைத்தார்கள் என்பதும் பொய்யில்லை. இங்கிலாந்தில் பன்னிரண்டு வயசுச் சான்றிதழுக்காக ஏழு விநாடி வெட்டவும் வெட்டினார்கள். ஆனால் நான் இதைப் பலம் என்றே சொல்வேன். தெளிவாக, அழகாக, ஸ்லோமோஷனில் காட்டியிருந்தால் நாம் யாருக்குக் கைதட்டியிருப்போம்? சண்டைக் காட்சி 'நன்றாக' இருந்துவிட்டால் இந்தக் கதை செத்துவிடும்.

ஆனால் கடைசியில் வரும் மிருகங்கள் விஷயத்தில் படம் பயந்துவிட்டது. நாவலில் அந்த ஓநாய் மாதிரி மிருகங்களுக்குச் செத்துப்போன பிள்ளைகளின் கண்கள் இருக்கும். காட்னிஸ் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுபிடிப்பாள். படத்தில் அவை வெறும் பெரிய நாய்கள். அரசாங்கம் பிணத்தைக்கூட விடாது என்று சொல்லிக்கொண்டிருந்த இடம் துரத்தல் காட்சியாகச் சுருங்கிவிட்டது.

ரூ என்ற பன்னிரண்டு வயசுப் பெண் செத்த பிறகு வரும் காட்சி இன்னும் சுவாரசியம். நாவலில் அவள் மாவட்டத்து ஜனங்கள், தாங்களே பட்டினி கிடப்பவர்கள், காசு சேர்த்துக் காட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறார்கள். படத்தில் ரொட்டி இல்லை, கலவரம் வெடிக்கிறது, மூட்டைகளைத் தள்ளி உடைக்கிறார்கள், தண்ணீர் பீய்ச்சி அடக்குகிறார்கள். எது மேல்? ரொட்டி நன்றி சொல்கிறது, கலவரம் கோபத்தைக் காட்டுகிறது. அடுத்தடுத்த பாகங்களில் வரப்போகும் புரட்சிக்குக் கலவரம் நல்ல விதை, ஆனால் பசித்தவன் பசித்தவளுக்கு அனுப்பிய ரொட்டியின் கனம் அதில் இல்லை. இந்த மாதிரி இடத்தில் 'பலமும் உண்டு, பலவீனமும் உண்டு' என்று மழுப்பாதீர்கள், என்ன கிடைத்தது, அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று இரண்டையும் வெளிப்படையாக எழுதுங்கள். எனக்கு ரொட்டிதான்.

காதல் கதையை எடை போடுவது சுலபம், அதனால் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நாவலில் காட்னிஸ் பாதி நடிக்கிறாள், ஸ்பான்சர்கள் பரிசு அனுப்ப வேண்டும் என்று. அவள் மாவட்டத்திலிருந்தே போட்டிக்கு வந்த பையன் பீட்டா நடிக்கவில்லை. கடைசியில் அவனுக்கு இது தெரிந்து மனசு உடைகிறது. அந்த நடிப்பு அவள் மண்டைக்குள் மட்டுமே இருப்பதால் படத்தில் எடுப்பது கஷ்டம். குடிகாரக் குரு ஹேமிட்ச் அனுப்பும் சாப்பாட்டுடன் ஒரு துண்டுச் சீட்டை வைத்து, இதெல்லாம் ஒரு முத்தமா என்கிற மாதிரி எழுதி அனுப்ப வைத்தார்கள். நாவலில் சீட்டே கிடையாது, எப்போது எது வருகிறது என்பதை வைத்தே அவள் அவர் மனதைப் படிப்பாள். சீட்டு நல்ல ஒட்டுதான், ஆனால் ஒட்டு ஒட்டுதான். முடிவில் பீட்டாவின் அந்த அடி சரியாக விழவில்லை. நிறையப் பேர் இதைச் சாதாரணக் காதல் படம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்ததற்கு அதுதான் காரணம்.

சரி, மேட்ஜும் பறவை பின்னும்? முதல் படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது பலவீனமே இல்லை. ஒரு ஆளைக் குறைத்து, பின்னைத் தங்கை கைக்குப் போய்த் திரும்ப அக்காவிடம் வர வைத்ததால் அக்கா தங்கைப் பாசத்துக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டாம் நாவலில் அந்த பின் மேட்ஜின் சித்தி ஒருத்திக்குச் சொந்தமானது, அவளும் முன்பு ஒரு போட்டியில் செத்தவள் என்று தெரிய வரும். அந்தக் கண்ணி அறுந்துவிட்டது. ஆக, வரிசையாக வரும் படங்களில் ஒன்றை எடை போடும்போது, இன்றைக்கு மிச்சம் பிடித்ததற்கு நாளைக்கு எவ்வளவு வட்டி கட்டினார்கள் என்றும் பாருங்கள். கடைசி நாவலை இரண்டாக வெட்டி 2014-லும் 2015-லும் விட்டார்களே, அதில் முதல் பாதி இன்டர்வெல்லிலேயே வீட்டுக்கு அனுப்பியது மாதிரி இருக்கும். 'டைவர்ஜென்ட்' என்ற இன்னொரு டிஸ்டோபியா படவரிசை அதையே செய்யப் போய், 2016-இல் வந்த மூன்றாம் படத்தோடு நின்றுவிட்டது. நாலாவது வரவே இல்லை.

எழுத உட்காரும்போது

வசூலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இந்தப் படம் உலகம் முழுக்க 60 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது, சரி, அது கடைக்காரர் கவலை. மூன்று பலம், இரண்டு பலவீனம் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு காட்சி, அந்தக் காட்சியில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருள்: கிண்ணம், ரொட்டி, துண்டுச் சீட்டு. 'ஒளிப்பதிவு அருமை, பின்னணி இசை பிரமாதம்' என்று எழுதினால் எந்தப் படத்துக்கும் அந்த வரியை ஒட்டிவிடலாம். அதற்குப் பதில் இப்படி: "இரண்டாம் படத்தில் (2013) காட்னிஸ் போட்டிக் களத்துக்குள் ஏறும்போது, ஐமேக்ஸ் பதிப்பில் திரையே மேலும் கீழும் விரிகிறது, அவள் சின்னதாகிப் போகிறாள்." ஒளிப்பதிவு என்ற சொல்லே வேண்டாம், புரிந்துவிடும்.

பலவீனம் எழுதும்போது படம் என்ன செய்திருக்கலாம் என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் உங்கள் குறை நியாயமானது. சீட்டுக் கணக்குக்கு அக்கா மகள் ஒரு யோசனை சொன்னாள்: குலுக்கல் பாத்திரத்துக்குள் கேமரா போய், ஒரே பெயர் திரும்பத் திரும்ப எழுதிய துண்டுகளைக் காட்டினால் மூன்று விநாடி வேலைதானே. எனக்கே தோன்றவில்லை. அதை அப்படியே எழுதச் சொன்னேன்.

சாயங்காலம் கரண்ட் போய், மாடியில் உட்கார்ந்து மொபைல் வெளிச்சத்தில் முடித்தாள். முப்பத்தேழு ஐந்தாகியிருந்தது. வாங்கிப் படித்தேன். கேமரா ஆட்டத்தைப் பலவீனம் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"நான் அவ்வளவு சொன்னேனே?"

"நீங்க சொன்னது காரணம் மாமா. எனக்கு வாந்தி வந்துச்சு. அதையும் எழுதணும்ல?"

கீழே அம்மா இட்லிக்கு மாவு போதுமா என்று குரல் கொடுத்தார்கள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.